கச்சேரி டிவிடியைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்து ஆடியோ சிடி ஆக்க வேண்டும், பெரியப்பாவுக்காக

கேணிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் எங்கள் பெரியப்பா இருக்கிறார், வயது 81. ஆறு வருடமாகப் பார்வை முழுவதும் போய்விட்டது. பொழுது முழுக்கப் பழைய சிடி பிளேயரோடுதான். எந்தப் பொத்தான் எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியும், 'அடுத்தது' பொத்தானை எண்ணி எண்ணி அமுக்கி வேண்டிய பாட்டுக்குப் போய்விடுவார். பென் டிரைவ், செல்போன் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, தொட்டால் ஒன்றும் பிடிபடவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் 'எதற்கு இந்தக் காலத்தில் சிடி' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

2007ல் எங்கள் அக்கா கல்யாண வரவேற்பில் பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர் கச்சேரி செய்தார். அவர் இப்போது இல்லை. அந்தக் கச்சேரி வீடியோக்காரர் கொடுத்த ஒரே ஒரு டிவிடியில்தான் இருக்கிறது, 2 மணி 20 நிமிடம். ஒரு கடையில் கொடுத்து ஆடியோ சிடியாக மாற்றித் தரச் சொன்னேன். இரண்டு தட்டு, மொத்தம் 28 டிராக், எல்லாம் சரியாக ஐந்தைந்து நிமிடம். தோடி ஆலாபனை நடுவில் வெட்டுகிறது, ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு நொடி மௌனம் வேறு. பெரியப்பா பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "யாரோ மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு விடறா மாதிரி இருக்குடா" என்றார். நானே செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நரசிங்கபுரம் வயர்:
அந்தக் கடையில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிகிறது. ரிச்சி தெருப் பக்கம் பல வருடம் இந்த வேலை செய்தவன் நான். வீட்டு விசேஷ டிவிடிகளில் 'சாப்டர்' என்று இருப்பது பாட்டுக் கணக்கில் வைத்தது அல்ல, டிவிடி உருவாக்கும் மென்பொருள் தானாகவே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று போட்டுவிடும். அந்த சாப்டர்களையே டிராக் ஆக்கிவிட்டார்கள். இரண்டு நொடி மௌனம் பர்ன் செய்த, அதாவது தட்டில் எழுதிய விதத்தால் வந்தது, ஒவ்வொரு டிராக்காகத் தனித்தனியே எழுதும் முறையில் இடைவெளி தானாக விழும். தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்து, இடைவெளியை 0 என்று வைத்தால் அது வராது. முதல் டிராக்குக்கு முன்னால் மட்டும் 2 நொடி இருக்கும், அது சிடியின் விதி, அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதல் வேலை, அந்த டிவிடியை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது. இத்தனை வருடம் சென்னை ஈரக்காற்றில் கிடந்த தட்டு. மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஒரு டிரைவ் படிக்காவிட்டால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று திக்கும் இடத்தில் இன்னொன்று ஓடிவிடும். நகல் கைக்கு வந்த பிறகு டிவிடியை உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள். வேலை முழுக்க நகலில்தான்.

அடையாறு மேசை:
நகல் எடுத்ததும் அதற்குள் ஒலி என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் ஓடவிட்டு, ஒலி வடிவத்தைச் சொல்லும் கோடெக் தகவலைத் திறந்தால் தெரியும். டிவிடியில் ஒலி அநேகமாக ஏசி-3 என்கிற டால்பி வடிவம் அல்லது சுருக்கப்படாத பிசிஎம். கடையில் விற்ற கச்சேரி டிவிடிகளில் சிலவற்றில் இரண்டுமே இருக்கும், அப்போது ஆறு சேனல் கொண்ட 5.1 தடத்தை விட்டுவிட்டு ஸ்டீரியோ பிசிஎம் தடத்தை எடுங்கள். 5.1ஐ இரண்டாகக் கலக்கும்போது நடு ஸ்பீக்கரில் இருக்கும் குரல் எந்த அளவில் வரும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டிவரும், வேண்டாத வேலை. வீட்டு டிவிடி என்றால் பெரும்பாலும் இரண்டு சேனல் ஏசி-3தான்.

அடுத்தது மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறது என்ற கணக்கு. டிவிடியில் நொடிக்கு 48,000 மாதிரிகள், சிடியில் 44,100, 16 பிட், ஸ்டீரியோ, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. 48,000ஐ 44,100ஆக்குவது 160க்கு 147 என்ற விகிதம், நேராக வகுபடாத கணக்கு, அதனால் நல்ல மென்பொருளிடம் விடுங்கள். சாக்ஸ் என்ற மென்பொருள் அருமையாகச் செய்யும், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் உயர்தர அமைப்பும் போதும். நான் ஒருமுறை, வீதம் என்ன என்ற குறிப்பு உள்ளே இல்லாத ராவ் கோப்பை 44,100 என்று சொல்லித் திறந்துவிட்டேன். எந்த மாற்றமும் நடக்கவில்லை, 48,000 மாதிரிகள் மெதுவாக ஓடின. பத்து நிமிடக் கிருதி 10 நிமிடம் 53 நொடி ஆயிற்று, ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கிற்று. ஒன்றரைக் கட்டையில் பாடியவர் ஒரு கட்டைக்கும் கீழே போய்விட்டார். மாற்றி முடித்ததும் ஒரு ஸ்ருதிப் பெட்டியை வைத்து டிவிடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

டிவிடிக்குள் படம் ஒரு ஜிபி ஒரு ஜிபியாகத்தான் துண்டு போட்டிருக்கும், உங்களுடையதில் நான்கைந்து கோப்பு இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாக மாற்றி அப்புறம் ஒட்டினால் ஒட்டுமிடத்தில் 'டிக்' என்று கேட்கும். மேக்எம்கேவி போல ஒரு மென்பொருளால் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துவிட்டு அதிலிருந்து ஒலியைப் பிரியுங்கள். இடையில் எம்பி3 எங்கும் வரக்கூடாது. ஏசி-3 ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது, அதை மறுபடியும் சுருக்கினால் வயலின் மேல்ஸ்தாயியில் மணல் விழுந்தாற்போல் ஆகிவிடும். நேராக வேவ், அதாவது சுருக்கப்படாத ஒலிக் கோப்பு.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏசி-3க்குள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கச் சொல்லும் ஒரு குறிப்பு இருக்கலாம், ராத்திரியில் சினிமா பார்ப்பவர்களுக்காக வைத்தது. ஒலியைப் பிரிக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் அதை இயல்பாகவே மதித்து நடக்கும். அந்தச் சுருக்கத்தின் (டிஆர்சி) அளவை 0 என்று கொடுத்துப் பிரித்தால்தான் கச்சேரியின் உண்மையான ஏற்ற இறக்கம் கிடைக்கும். இல்லாவிட்டால் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பலமாக விழும் அடி ஒவ்வொன்றுக்கும் மற்ற எல்லாம் அமுங்கி எழும்.

கேணிக்காரன்:
மிக்க நன்றி சார். நீங்கள் இருவரும் சொன்னபடியே செய்தேன். முதல் டிரைவ் ஓரிடத்தில் நின்றுவிட்டது, அக்கா வீட்டு மடிக்கணினியில் முழுவதும் படித்துவிட்டது. ஏசி-3, இரண்டு சேனல். ஒரே வேவ் கோப்பாக எடுத்து 44,100க்கு மாற்றி ஸ்ருதியும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

இப்போது வேறு சிக்கல். இயர்போன் வைத்துக் கேட்டால் இடது காதில் பாட்டு சுத்தமாக, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல் இருக்கிறது. வலது காதில் பந்தி நடக்கும் சத்தம், குழந்தைகள், அதற்குள் தூரத்துப் பாட்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எல்லாம் எதிரொலிக்கிறது, மிருதங்கம் இரண்டிரண்டாகக் கேட்கிறது. இதோடு அடியில் 'ம்ம்ம்' என்ற கரண்ட் சத்தம். சத்தம் நீக்கும் வசதியை ஒருமுறை போட்டுப் பார்த்தேன், என்னவோ போல் ஆகிவிட்டது.

மாம்பலம் தம்புரா:
தம்பி, அந்த 'என்னவோ போல்' என்ன என்று நான் சொல்கிறேன், தம்புரா போயிருக்கும். சத்தம் நீக்கும் கருவி எது மாறாமல் ஒரே மாதிரி ஒலிக்கிறதோ அதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். கச்சேரியில் தொடக்கம் முதல் மங்களம் வரை மாறாமல் ஒலிப்பது தம்புராதான். பாட்டு இல்லாத ஒரு துண்டை மாதிரியாகக் காட்டியிருப்பீர்கள், அதில் தம்புரா இருந்திருக்கும், உடனே கச்சேரி முழுவதிலிருந்தும் தம்புராவைத் துடைத்து எடுத்துவிடும். பாடகர் தரையில்லாத இடத்தில் நிற்பது போல் ஆகிவிடுவார். பாட்டு சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், அந்தக் கருவியைத் தொடவே தொடாதீர்கள்.

கரண்ட் உறுமலுக்கு வேறு வழி இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் உறுமல் 50லும் அதன் மடங்குகளான 100, 150லும் உட்காரும். அந்த இடங்களில் மட்டும் மிகக் குறுகலாக வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடுங்கள். 50ல் போட்டுக் கேளுங்கள், போதவில்லை என்றால் 100. அதற்கு மேல் போக வேண்டாம், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், அங்கேதான் வாழ்கிறது. கொஞ்சம் உறுமல் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

நரசிங்கபுரம் வயர்:
இடது வலது விஷயம் எளிது. வீடியோக்காரர் மைக் செட்டுக்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்து இடது சேனலில் கொடுத்துவிட்டு, வலதில் கேமரா மைக்கையே வைத்திருக்கிறார். அந்த நாளில் கல்யாண மண்டபங்களில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று. அவர் புண்ணியவான்.

எதிரொலி ஏன் என்றால், மிக்ஸர் வயரில் பாட்டு அந்தக் கணமே வந்துவிடும், கேமராவுக்கு அது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து காற்றில் நடந்துதான் போக வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும். கேமரா 20 மீட்டர் தள்ளி இருந்தால் 57 மில்லி நொடி தாமதம், காது அதை இரண்டாகவே கேட்கும். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தை இரண்டாகப் பிரித்து, மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) கூர்மையாக விழும் ஒரு சாப்பு அடி இரண்டிலும் எங்கே இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள், வலது தடத்தை அந்த வித்தியாசத்துக்கு முன்னால் நகர்த்துங்கள். இரண்டும் ஒரே கேமராவில் பதிவானதால் ஒருமுறை பொருத்தினால் கடைசி வரை பொருந்தும், கேமராவை நடுவில் நகர்த்தியிருந்தால் மட்டும் மறுபடி பாருங்கள். அப்புறம் வலதை 12 டெசிபல் போலக் குறைத்து இடதோடு கலந்து இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாகக் கொடுங்கள். மண்டபத்தின் காற்று கொஞ்சம் இருக்கும், பாட்டு தெளிவாக இருக்கும்.

பெரம்பூர் லோகோ:
ஒரு யோசனை சொல்கிறேன். எனக்குப் பாட்டு மட்டும் போதும், கைதட்டலும் நடுவில் பேசுவதும் எரிச்சல். எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பாட்டுகளை மட்டும் வரிசையாக வைத்தால் 140 நிமிடம் 120க்கு வந்துவிடும், இரண்டு தட்டில் தாராளமாக அடங்கும். ஒவ்வொரு பாட்டின் ஒலி அளவையும் தனித்தனியாக உச்சத்துக்கு உயர்த்திவிட்டால் பெரியவர் வால்யூமைத் தொடவே வேண்டாம்.

மாம்பலம் தம்புரா:
இரண்டாவதாகச் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை சார். சின்னத் துக்கடாவும் தோடியும் ஒரே உச்சத்துக்கு ஏறினால் கச்சேரி எங்கே வளர்ந்தது, எங்கே அடங்கியது என்று தெரியாது. உயர்த்த வேண்டும் என்றால் வெட்டுவதற்கு முன், முழுக் கச்சேரியையும் ஒரே அளவாக ஒருமுறை உயர்த்துங்கள், உச்சிக்கு ஒரு டெசிபல் கீழே நிறுத்துங்கள். கைதட்டலையும் நான் வெட்டமாட்டேன். பார்வை இல்லாதவருக்கு எதிரே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வது அந்தக் கைதட்டல்தானே. டிராக் குறியைக் கைதட்டல் ஓய்ந்த இடத்தில் வையுங்கள், பக்கவாத்தியக்காரர்கள் ஸ்ருதி சரிபார்ப்பது அடுத்த டிராக்கின் தலையில் வரட்டும்.

கேணிக்காரன்:
லோகோ சார் சொன்னதையும் பெரியப்பாவிடம் கேட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அந்த சிநேகிதர் மைக்கில் பெரியப்பா பெயரைச் சொல்லி, "சாப்பிட்டுட்டு வந்துடு, தோடி உனக்காகத்தான்" என்கிறார். அதைத்தான் முதலில் தேடிப் போடச் சொன்னார். ஆகவே பேச்சு, கைதட்டல் எதையும் வெட்டப் போவதில்லை.

டிராக் எப்படிப் பிரிப்பது என்றும் அவரையே கேட்டேன். ஆலாபனையும் பாட்டும் ஒன்றாக இருக்கட்டும், தனி ஆவர்த்தனம் மட்டும் தனி டிராக்காக வேண்டும் என்றார். நேற்று மாலை மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே குறி வைக்க வேண்டும் என்று விரலால் தட்டிக் காட்டினார். இடது வலது தாமதம் 54 மில்லி நொடி வந்தது, கேமரா 19 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. மண்டபத்தில் ஸ்பீக்கருக்கும் வாசல் தூணுக்கும் அவ்வளவுதான் இருக்கும் என்று அக்கா சொன்னாள்.

ஒரு சந்தேகம். வேவ் கோப்பு ஒரு தட்டுக்கு 750 எம்பி வருகிறது, தட்டின் மேல் 700 எம்பி என்றுதான் போட்டிருக்கிறது. எழுதுமா?

அடையாறு மேசை:
எழுதும். ஆடியோ சிடிக்கு எம்பியைப் பார்க்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள், 80 நிமிடம் வரை அடங்கும். சிடி நொடிக்கு 75 துண்டாக எழுதப்படுகிறது, ஆடியோவாக எழுதினால் ஒவ்வொரு துண்டிலும் 2352 பைட் முழுவதும் ஒலிக்கே. டேட்டாவாக எழுதும்போது அதில் 2048தான் நமக்கு, மீதி பிழை திருத்தத்துக்குப் போகிறது. 80 நிமிட ஆடியோ 800 எம்பியைத் தாண்டியும் அதே தட்டில் உட்காரும்.

அந்த 75 இன்னொரு இடத்திலும் முக்கியம். டிராக் எல்லை நொடியின் 75ல் ஒரு பங்கில்தான் விழ முடியும், அதாவது 588 மாதிரிகளுக்கு ஒருமுறை. நடுவில் வெட்டினால் கடைசித் துண்டை நிரப்ப மென்பொருள் மௌனத்தைப் போடும், தனிக்குள் நுழையும் இடத்தில் மெலிதாக ஒரு வெடிப்புக் கேட்கும். ஆடாசிட்டியில் நேரக் காட்டியை சிடி ஃப்ரேம் (அந்த 75ல் ஒரு பங்கு) என்று மாற்றி, ஒட்டிக்கொள்ளும் வசதியை இயக்கிவிட்டு டிராக் குறியாக லேபிள் வையுங்கள், எல்லாம் சரியான இடத்தில் விழும். அப்புறம் லேபிள் வாரியாகப் பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம்.

மாம்பலம் தம்புரா:
தனி டிராக்கின் முடிவில் கவனம். தனி முடிந்து பாடகர் பல்லவியை எடுத்து நிறைவு செய்வாரே, அந்த அரை நிமிடம் தனியோடே இருக்கட்டும். தனியின் முடிவுத் தாளக் கணக்கான கோர்வை வந்து விழுவது பல்லவி தொடங்கும் அந்த எடுப்பில்தான், அதற்கு முன் வெட்டினால் மாடிப்படியின் கடைசிப் படியை எடுத்துவிட்டது போல் ஆகும். தட்டு பிரிப்பதற்கு நல்ல இடம் தோடிக்கு முன்னால். முதல் தட்டின் கடைசிக் கைதட்டலை மெல்லத் தேய்த்து முடியுங்கள், இரண்டாவதின் தொடக்கத்தை மெல்ல எழுப்புங்கள், வேறெங்கும் தேய்ப்பு வேண்டாம்.

கொட்டிவாக்கம் காற்று:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது விசிடி, 90களின் கடைசியில் எடுத்த நாட்டிய அரங்கேற்றம். இதே முறைதானா?

அடையாறு மேசை:
உங்களுக்கு வேலை குறைவு. விசிடியில் ஒலி ஏற்கெனவே 44,100தான், எம்பெக் லேயர் 2, நொடிக்கு 224 கிலோபிட். வீத மாற்றம் தேவையில்லை. எம்பெக்ஏவி ஃபோல்டரில் இருக்கும் டேட் கோப்பிலிருந்து ஒலியைப் பிரித்து வேவ் ஆக்கி, மற்றதெல்லாம் மேலே சொன்னபடி.

நரசிங்கபுரம் வயர்:
பர்ன் செய்வது பற்றி. பழைய பிளேயருக்கு ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர்தான், அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வாங்காதீர்கள். ஆர்டபிள்யூவில் ஒளி மிகக் குறைவாகத்தான் திரும்பி வரும், பழைய லென்ஸ் தடவித் தடவி விட்டுவிடும். வேகம் 16க்கு மேல் போகாமல் எழுதுங்கள், கடைசியில் தட்டை முடித்து மூடும் தேர்வை மறக்காதீர்கள். மேலே தாள் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது ஆடும், சூட்டில் பசையும் கிளம்பும். பெரியவருக்கு அடையாளம் வேண்டுமென்றால் உறையில் செய்யுங்கள், முதல் தட்டின் உறைக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு என்று நூல் கட்டலாம். மூன்று பிரதி எழுதி ஒன்றை அக்கா வீட்டில் வையுங்கள்.

கேணிக்காரன்:
முடித்துவிட்டேன். முதல் தட்டு 66 நிமிடம், 7 டிராக். இரண்டாவது 74 நிமிடம், 6 டிராக், தோடி முதலாவது, தனி இரண்டாவது. நூல் முடிச்சு நல்ல யோசனை அண்ணா, கையில் வாங்கியதுமே எது எது என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளாக வேறு தட்டே போடவில்லை. நேற்று ராத்திரி தனி முடியும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், எடுப்பு சரியாக வந்து விழுந்ததும் என் பக்கம் திரும்பினார்.

ஒரு குறை மட்டும் சொன்னார். தொடர்ந்து கேட்டால் சரியாக இருக்கிறது, ஆனால் பொத்தானை அமுக்கி நாலாவது டிராக்குக்குத் தாவினால் முதல் எழுத்து விழுங்கப்படுகிறது. அந்தப் பாட்டில் கைதட்டல் முடிந்ததும் உடனே எடுத்துவிடுகிறார், இடைவெளியே இல்லை. கோப்பில் பார்த்தேன், வெட்டு சரியாகத்தான் இருக்கிறது.

நரசிங்கபுரம் வயர்:
வெட்டு சரி, பிளேயர்தான் தாமதம். டிராக் தாவும்போது பழைய பிளேயர்கள் ஒலியை ஒரு கணம் அடக்கி வைத்துவிட்டு அப்புறம்தான் திறக்கும், அதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. நாலாவது லேபிளை 20 ஃப்ரேம் முன்னால் நகர்த்துங்கள், கால் நொடியைவிடக் கொஞ்சம் அதிகம். கைதட்டலின் வால் கொஞ்சம் அந்த டிராக்கில் ஏறும், பரவாயில்லை. இதேபோல் உடனே எடுக்கும் பாட்டு வேறு இருந்தால் அவற்றுக்கும் அப்படியே. தொடர்ந்து கேட்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது.

கேணிக்காரன்:
நாலு, ஆறு, இரண்டாம் தட்டில் ஐந்து, மூன்றையும் நகர்த்திவிட்டேன். வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது, நாளை வாங்கி எழுதுகிறேன்.